ஷிப்பா, ஷீப்பா? ஆங்கில உயிரொலிகளைப் பிரித்துக் கேட்கப் பழகும் வழி

ஆங்கிலம் நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கள்கூடக் காதால் கேட்கும்போது சில சொற்களில் தடுமாறுவார்கள். கப்பலைச் சொல்கிறாரா, செம்மறி ஆட்டைச் சொல்கிறாரா? ‘நடந்தேன்’ என்கிறாரா, ‘வேலை செய்தேன்’ என்கிறாரா? பெரும்பாலும் முன்பின் பேச்சை வைத்து ஊகித்துச் சமாளித்துவிடலாம். ஆனால் போனில் ஒருவர் பெயரைக் கேட்டு எழுதும்போதோ, ஒரே ஒரு சொல் மட்டும் தனியாகக் காதில் விழும்போதோ ஊகம் கைகொடுக்காது. அதோடு, காதுக்குப் பிடிபடாத ஒலியை வாய் சரியாகச் சொல்வது மிகவும் கடினம். உச்சரிப்புப் பயிற்சியைக் காதிலிருந்து தொடங்குங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

இந்தத் தடுமாற்றம் உங்கள் காதின் குறை இல்லை. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்போதே அதன் காது சுற்றிலும் பேசப்படும் மொழியின் உயிரொலிகளுக்கு ஏற்ப மாறத் தொடங்கிவிடுகிறது. அமெரிக்க, ஸ்வீடன் குழந்தைகளை வைத்து பட்ரீசியா கூல் குழுவினர் 1992-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. தமிழ் கேட்டு வளர்ந்த காது தமிழுக்குத் தேவையானதைக் கூர்மையாகப் பிடிக்கும், தேவையில்லாததைத் தள்ளிவிடும். பெரியவர்களான பிறகும் அந்தக் காதைத் திருப்பிப் பழக்க முடியும். முறையாகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

ஆங்கிலச் சொற்களை இங்கே தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். எந்தச் சொல் என்று அடையாளம் காட்டத்தான் அந்த எழுத்து; ஒலியை அது முழுதாகக் காட்டாது. பொருளையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஒலியை அகராதியில் கேட்டுக்கொள்ளுங்கள். கேம்பிரிட்ஜ் இணைய அகராதியில் பிரிட்டிஷ், அமெரிக்க உச்சரிப்பு இரண்டும் ஒலிப்பதிவாகக் கிடைக்கின்றன. ஹெட்ஃபோன் போட்டுக் கேட்பது நல்லது.

முதல் படி: குறில், நெடில் கணக்கை ஓரமாக வையுங்கள்

கல், கால். விடு, வீடு. எடு, ஏடு. தமிழில் உயிரின் நீளம் மாறினால் பொருளே மாறிவிடும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று பள்ளியில் படித்ததற்கு முன்பே நம் காது அதைக் கணக்குப் போடப் பழகிவிட்டது. ஆங்கிலம் கேட்கும்போதும் அதே கணக்கைத்தான் போடுகிறோம். ஷிப் என்றால் குறில், ஷீப் என்றால் நெடில் என்று தமிழில் எழுதிப் பழகியது அந்தக் கணக்கை இன்னும் உறுதியாக்கிவிடுகிறது.

சிக்கல் இங்கேதான். ஆங்கிலத்தில் உயிரின் நீளம் பின்னால் வரும் மெய்யைப் பொறுத்து மாறும். ப், ட், க், ச், ஸ், ஃப் போன்ற, தொண்டை அதிராமல் சொல்லும் மெய்கள் பின்னால் வந்தால், முன்னால் நிற்கும் உயிர் சுருங்கிவிடும். வ், ஸ் (‘ரோஜா’ என்ற பொருளுள்ள ரோஸ் என்ற சொல்லின் கடைசியில் வரும் அதிரும் ஒலி) போன்றவை வந்தால் நீளும். மூன்று சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள்: இலையைக் குறிக்கும் லீஃப், கிளம்புவதைக் குறிக்கும் லீவ், வாழ்வதைக் குறிக்கும் லிவ். மூன்றையும் அகராதியில் அடுத்தடுத்துக் கேளுங்கள். லீவ் நன்றாக நீளும். லீஃப் அதைவிடத் தெளிவாகக் குறுகும். குறில் என்று நாம் நினைக்கும் லிவ்வின் நீளத்துக்கே கிட்டத்தட்ட வந்துவிடும். நீளத்தை மட்டும் அளக்கும் காதுக்கு லீஃப்பும் லிவ்வும் ஒன்றாகிவிடும், லீஃப்பும் லீவும் வேறாகிவிடும். ஆங்கிலம் பேசுபவருக்கோ லீஃப், லீவ் இரண்டிலும் இருப்பது ஒரே உயிர். லிவ்வில் இருப்பதுதான் வேறு.

அப்படியானால் எதைக் கேட்பது? ஒலியின் நிறத்தை. வாய்க்குள் நாக்கு எங்கே நிற்கிறது, உதடு எப்படி இருக்கிறது என்பதால் உண்டாகும் வேறுபாடு அது. இனி வரும் படிகள் எல்லாம் காதை மாத்திரையிலிருந்து நிறத்துக்குத் திருப்புவதற்காகத்தான்.

இரண்டாம் படி: அந்த ஒலி உங்கள் வாயில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

ஆங்கில எழுத்தில் உயிருக்கு ஐந்தே குறிகள். ஆனால் பிரிட்டிஷ் உச்சரிப்பில் வழக்கமாகச் சொல்லும் கணக்குப்படி உயிரொலிகள் ஏறக்குறைய 20. எனவே எழுத்துக்கூட்டலைப் பார்த்து ஒலியைத் தேடாதீர்கள். வாயைப் பாருங்கள். ஒரு கண்ணாடியும் தாடைக்குக் கீழே ஒரு விரலும் இருந்தால் போதும்.

‘இடம்’ என்று எழுத்துத் தமிழில் சொல்லுங்கள். பிறகு பேச்சில் சொல்வதுபோல ‘எடம்’ என்று சொல்லுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லும்போது நாக்கு கொஞ்சம் கீழே இறங்கி ஏறுவது தெரியும். அந்த இ-யிலிருந்து எ-க்கு இறங்கும் வழியில், பாதிக்கு முன்பே நின்றுவிடுங்கள். உதட்டை விரிக்காமல் தளர்வாக விடுங்கள். லிவ், ஷிப் ஆகிய சொற்களின் உயிர் அந்த இடத்தில்தான் இருக்கிறது. லீஃப், ஷீப் ஆகியவற்றுக்கு நம் ஈ-யே போதும். உதடு இழுபட்டு, நாக்கு மேலே ஏறி நிற்கும்.

‘உடம்பு’, ‘ஒடம்பு’ இரண்டையும் அதேபோலச் சொல்லிப் பாருங்கள். உ-வுக்கும் ஒ-வுக்கும் நடுவில், உதட்டை அதிகம் குவிக்காமல் நின்றால் ‘பார்’ என்ற பொருளுள்ள லுக் கிடைக்கும். உதட்டை நன்றாகக் குவித்துச் சொன்னால் லூக் என்ற ஆள் பெயர். இதுவும் ஷிப்–ஷீப் ஜோடியைப் போலத்தான்: ஒன்று தளர்ந்தது, ஒன்று இறுகியது. முதல் ஜோடி பிடிபட்டவர்களுக்கு இதற்கு அதிக நேரம் தேவைப்படாது.

மூன்றாம் படி: ஒரே ஒரு ஜோடி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு சோதனை

பலர் செய்வது இதுதான்: இரண்டு சொற்களையும் எழுத்தில் பார்த்துக்கொண்டே மாறி மாறிக் கேட்பார்கள், ‘ஆமாம், வித்தியாசம் தெரிகிறது’ என்று அடுத்ததற்குப் போய்விடுவார்கள். விடை கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது காதுக்கு வேலையே இல்லை. எது வரப்போகிறது என்று தெரியாமல் கேட்க வேண்டும், விடை சொல்ல வேண்டும், சரியா தவறா என்று உடனே தெரிய வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் பலன் பாதிதான்.

சொற்களின் ஒலிப்பதிவுகளைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டு வரிசையைக் கலைத்துப் போட்டுக் கேட்கலாம். அன்கி போன்ற அட்டைச் செயலியில் முன்பக்கம் ஒலி மட்டும், பின்பக்கம் சொல் என்று வைக்கலாம். வீட்டில் யாராவது பட்டனை அழுத்தித் தந்தால் இன்னும் எளிது. ஒரு சுற்றுக்கு 20 தடவை கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் விடையை எழுதிவிட்டுத்தான் சரிபார்க்க வேண்டும். காசு சுண்டுவதுபோல ஊகித்தாலே பத்து சரியாக வரும் என்பதை மறக்க வேண்டாம். வெறும் ஊகத்தில் 15-ஓ அதற்கு மேலோ வருவது 50 சுற்றுக்கு ஒரு தடவைதான் நடக்கும். எனவே 15-ஐத் தாண்டினால் காது எதையோ பிடிக்கத் தொடங்கிவிட்டது என்று நம்பலாம். வெவ்வேறு நாள்களில் 18-க்குக் குறையாமல் வந்தால் அடுத்த ஜோடிக்குப் போகலாம்.

ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். காது களைத்துவிட்டால் எல்லாம் ஒன்றுபோலக் கேட்க ஆரம்பிக்கும். அதற்குமேல் உட்கார்வது வீண்.

நான்காம் படி: எந்த ஜோடியை முதலில், எதைப் பிறகு

ஷிப்–ஷீப்பில் தொடங்குங்கள். லிவ்–லீவ், உட்கார்வதைக் குறிக்கும் சிட்–இருக்கையைக் குறிக்கும் சீட் என்று இந்த வகையில் ஜோடிகள் ஏராளம். அன்றாடப் பேச்சிலும் நிறைய வரும். ஆனால் ல்-இல் முடியும் ஜோடிகளை முதலில் தொடாதீர்கள். நிரப்புவதைக் குறிக்கும் ஃபில், உணர்வதைக் குறிக்கும் ஃபீல், ‘முழு’ என்ற ஃபுல், ‘முட்டாள்’ என்ற ஃபூல் எல்லாம் அந்த வகை. சொல்லின் கடைசியில் வரும் ஆங்கில ல் தனக்கு முன்னால் நிற்கும் உயிரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், வேறுபாடு மங்கிவிடும். மற்றவை பிடிபட்ட பிறகு இவற்றுக்கு வரலாம்.

அடுத்து பென், பேன், பெயின். முதலாவது பேனா, இரண்டாவது வாணலி, மூன்றாவது வலி. தமிழர்களுக்கு அதிகத் தொல்லை தருவது இந்த மூன்றுதான் என்பது என் கருத்து, ஏனென்றால் மூன்றையும் எ, ஏ என்ற இரண்டே பெட்டிக்குள் அடைக்கப் பார்க்கிறோம். பென் எளிது, அது நம் எ-க்குப் பக்கத்தில் இருக்கிறது. பெயின் என்பதில் உள்ள உயிர் ஓரிடத்தில் நிற்காது. எ-யில் தொடங்கி இ-யை நோக்கி நகரும். நம் ஏ அப்படி நகராது. ஆனால் மெய், செய், பெய் என்ற தமிழ்ச் சொற்கள் அப்படியே நகர்கின்றன. ‘சொல்’ என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல் நம் செய்-க்கும், பணம் கொடுப்பதைக் குறிக்கும் சொல் நம் பெய்-க்கும் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். இனி இந்த வகைச் சொல் வரும்போது ஏ-யைத் தேடாமல் கடைசியில் ஒரு ய் நழுவுகிறதா என்று கேளுங்கள். ‘சோதனை’ என்ற டெஸ்ட், ‘சுவை’ என்ற டேஸ்ட் இரண்டையும் இந்த ஓர் அடையாளத்தை வைத்தே பிரித்துவிடலாம்.

நடுவில் உள்ள பேன்தான் கடினம். பேட், கேட், மேன் என்று தமிழில் ஏகாரம் போட்டு எழுதிப் பழகிவிட்டோம். அதன் ஒலி ஏ இல்லவே இல்லை. ஆ சொல்வதுபோலத் தாடையை இறக்குங்கள். அதே நிலையில் நாக்கை மட்டும் எ-க்குப் போவதுபோல முன்னால் தள்ளுங்கள். உதட்டோரம் கொஞ்சம் விரியட்டும். எ-வும் ஆ-வும் கலந்த, சற்றுத் தட்டையான ஒலி வரும். தாடையில் விரல் வைத்துக்கொண்டு பென், பேன் என்று சொல்லுங்கள். இரண்டாவதில் விரல் தெளிவாகக் கீழே போக வேண்டும். போகவில்லை என்றால் இரண்டிலும் எ-யைத்தான் சொல்கிறீர்கள். யாராவது பேசும் வீடியோவை ஒலியில்லாமல் ஓடவிட்டு, எங்கே தாடை இறங்குகிறது என்று பார்ப்பதும் உதவும். பேன் ஒழுங்காகக் கேட்கத் தொடங்கினால் ‘மோசம்’ என்ற பேட், ‘படுக்கை’ என்ற பெட், ‘ஆண்’ என்ற மேன், அதன் பன்மையான மென் எல்லாம் அதே வழியில் விலகிவிடும்.

மூன்றாவது கூட்டம் வாக், வோக், வொர்க். நடப்பது, விழித்தது, வேலை. இதற்குக் கண்ணாடி அவசியம். மூன்றும் வ்-இல் தொடங்குவதால் உதடு மூன்றிலும் குவிந்தே தொடங்கும். அதற்குப் பிறகு நடப்பதுதான் வேறு. ‘நட’ என்பதில் தாடை இறங்கினாலும் உதட்டின் வட்டம் கடைசிவரை கலையாது. ஆ-வுக்கும் ஓ-வுக்கும் நடுவில் ஒரு நீண்ட ஒலி, அசையாமல் நிற்கும். ‘விழித்தது’ என்பதில் உதடு போகப் போக இன்னும் குவியும், ஒலி உ-வை நோக்கி நகரும். ‘வேலை’ என்பதிலோ குவிந்த உதடு உடனே விட்டுப்போகும். நாக்கு முன்னாலும் இல்லாமல் பின்னாலும் இல்லாமல் நடுவில் கிடக்கும். வொர்க் என்று ஒகரம் போட்டு எழுதுவதால் நாம் அங்கே ஒரு ஒ-வை எதிர்பார்க்கிறோம். அதில் ஒ கிடையாது. அமெரிக்கர் பேசினால் உயிர் தொடங்கும்போதே நாக்கு சுருண்டு ர்-இன் சாயல் அதில் ஏறிவிடும். தென் இங்கிலாந்துக்காரர் பேசினால் ர் என்ற ஒலியே இருக்காது, நடுவாய் உயிர் மட்டும் நீளும். ‘சட்டம்’ என்ற லா, ‘தாழ்வு’ என்ற லோ இரண்டும் வாக்–வோக் போலத்தான்: ஒன்று நிற்கும், ஒன்று நகரும்.

கப், கேப், காப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கோப்பையைக் குறிக்கும் கப்-இன் உயிர் நம் அ-தான், கிட்டத்தட்ட. தொப்பியைக் குறிக்கும் கேப்-இல் இருப்பது வாணலியின் உயிர். காவலரைக் குறிக்கும் காப் பிரிட்டிஷ் பேச்சில் உதடு குவிந்த குட்டை ஒலி, அமெரிக்கப் பேச்சில் குவியாத ஆ.

ஐந்தாம் படி: குரல்களை மாற்றிக்கொண்டே இருங்கள்

அகராதியின் ஒரே குரலில் 20-க்கு 20 வாங்கிவிட்டு, வெளியில் வேறொருவர் பேசும்போது மறுபடியும் தடுமாறுவது சகஜம். அந்த ஒருவரின் ஒலிப்பதிவைத்தான் காது மனப்பாடம் செய்திருக்கும், உயிரை இல்லை. 1952-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கார்டன் பீட்டர்சன், ஹெரால்ட் பார்னி இருவரும் 33 ஆண்கள், 28 பெண்கள், 15 குழந்தைகள் என 76 பேரைப் பத்துச் சொற்கள் சொல்ல வைத்து அளந்தார்கள். பத்தும் ஹ்-இல் தொடங்கி ட்-இல் முடியும். நடுவில் உள்ள உயிர் மட்டும் மாறும். ஒருவர் சொன்ன ஓர் உயிரின் அளவு, இன்னொருவர் சொன்ன வேறோர் உயிரின் அளவோடு போய் ஒட்டியது. எல்லாருக்கும் பொதுவான ஒரே அளவு என்று ஒன்று இல்லை. ஆளுக்கு ஆள் மாறும் ஒலியில் எது மாறாமல் நிற்கிறது என்பதைக் காது தானே கற்றுக்கொள்ள வேண்டும்.

அதற்கு வழி பல குரல்களைக் கேட்பதுதான். ஜப்பானியர்களுக்கு ஆங்கிலத்தின் ர, ல இரண்டும் குழம்பும். பலர் பேசிய ஒலிப்பதிவுகளை வைத்து, ஒவ்வொரு விடைக்கும் சரி தவறு சொல்லிப் பயிற்சி கொடுத்தால் பெரியவர்களும் தேறுகிறார்கள் என்று லோகன், லைவ்லி, பிசோனி மூவரும் 1991-இல் காட்டினார்கள். அதற்குப் பிறகு உயிரொலிகளுக்கும் இதே முறை கையாளப்பட்டு வருகிறது. நமக்கு இதற்கு ஆய்வகம் தேவையில்லை. ஃபோர்வோ தளத்தில் ஒரே சொல்லைப் பல நாட்டவர் சொல்லிப் பதிந்திருப்பதைக் கேட்கலாம். யூகிளிஷ் தளத்தில் ஒரு சொல்லைத் தேடினால் அது வரும் யூடியூப் வீடியோக்களை அந்த இடத்திலிருந்தே ஓட்டிக் காட்டும். ஒரு சொல்லுக்குக் குறைந்தது ஐந்தாறு குரல்கள், ஆண் பெண் இரண்டும் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மதிப்பெண் சரியும். சரியட்டும், அப்போதுதான் பயிற்சி உண்மையில் நடக்கிறது.

ஆறாம் படி: தனிச் சொல்லிலிருந்து வாக்கியத்துக்கு

வாக்கியத்துக்குள் போனதும் புதிதாக ஒன்று குறுக்கே வரும். ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் அசையில் மட்டும்தான் உயிர் முழு நிறத்தோடு கேட்கும். மற்ற அசைகளில் பெரும்பாலும் சோர்ந்துபோய், அ-வைப் போன்ற மங்கிய ஒலியாகிவிடும். ஆங்கிலத்தில் அதிகமாகக் கேட்கும் உயிரொலியே அந்த மங்கிய ஒலிதான். ஃபோட்டோகிராஃப் என்ற சொல்லில் அழுத்தம் முதல் அசையில். அங்கே ஓ நன்றாகக் கேட்கும். படம் எடுப்பவரைக் குறிக்கும் சொல்லில் அழுத்தம் இரண்டாம் அசைக்குப் போய்விடும்; ‘ஃபட்டாக்ரஃபர்’ என்பதுபோல முதல் ஓ காணாமல் போகும். தமிழில் நாம் எல்லா அசையையும் ஓரளவு முழுதாகச் சொல்லிப் பழகியவர்கள் என்பதால், இந்த மங்கிய இடங்களிலும் எந்த உயிர் என்று தேடிக் களைத்துவிடுகிறோம். தேட வேண்டாம். முதலில் அழுத்தம் எங்கே விழுகிறது என்று கேளுங்கள், அந்த அசையின் உயிரை மட்டும் பிடியுங்கள்.

இதற்கு ஒரு நல்ல பயிற்சி: அரை நிமிடப் பேச்சை எடுத்து, அழுத்தம் விழும் சொற்களை மட்டும் எழுதுங்கள். அப்புறம் சப்டைட்டிலோடு ஒப்பிடுங்கள். தவறவிட்டவற்றில் எந்த ஜோடி திரும்பத் திரும்ப வருகிறதோ, அடுத்த வாரத்துக்கு அதுதான் பாடம்.

ஏழாம் படி: உங்கள் குரலைச் சோதியுங்கள்

காது 18-ஐத் தாண்டிய ஜோடியை மட்டும் இப்போது வாயால் சொல்லுங்கள். வரிசையைக் கலைத்து ஒரு தாளில் எழுதி, அதைப் பார்த்துச் சொல்லிப் போனில் பதிவு செய்யுங்கள். தாளை ஒளித்துவிட்டு மறுநாள் கேட்டு, என்ன சொன்னீர்கள் என்று எழுதுங்கள். உங்களுக்கே புரியவில்லை என்றால் மற்றவருக்கும் புரியாது. போனின் வாய்ஸ் டைப்பிங்கையும் பயன்படுத்தலாம், ஆனால் ஒரு கவனம் வேண்டும். முழு வாக்கியமாகச் சொன்னால் பொருளை வைத்து அதுவே திருத்திக்கொள்ளும். தனிச் சொல்லாகவோ, எந்தச் சொல் வந்தாலும் பொருந்துகிற ஒரே வாக்கியத்தின் கடைசியிலோ வைத்துச் சொல்லுங்கள்.

கடைசியாக, நாட்டுக்கு நாடு மாறும் உச்சரிப்பைப் பற்றி. பயிற்சி தொடங்கும்போது பிரிட்டிஷ், அமெரிக்கன் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதிலேயே நில்லுங்கள். சில ஜோடிகளை ஆங்கிலம் தாய்மொழியான எல்லாருமே பிரிப்பதில்லை. கட்டிலைக் குறிக்கும் காட், ‘பிடித்தேன்’ என்ற காட் இரண்டும் கனடாவிலும் அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலும் பெரும்பாலோருக்கு ஒன்றேதான். அமெரிக்காவின் தென்பகுதியில் பலருக்குப் பேனாவைக் குறிக்கும் பென், குண்டூசியைக் குறிக்கும் பின் இரண்டும் ஒன்று. ஸ்காட்லாந்தில் லுக்குக்கும் லூக்குக்கும் பொதுவாக ஒரே உயிர்தான். அந்தப் பகுதிக்காரர் குரலை வைத்து அந்த ஜோடியைப் பழகினால் இல்லாத வேறுபாட்டைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். எனவே ஒரு குறிப்பிட்ட ஜோடியில் மட்டும், ஒரு குறிப்பிட்ட குரலில் மட்டும் மதிப்பெண் பத்தைத் தாண்டவே இல்லை என்றால், அவர் எந்த ஊர்க்காரர் என்று முதலில் பாருங்கள். ஃபோர்வோவில் ஒலிப்பதிவுக்குப் பக்கத்திலேயே நாட்டின் பெயர் இருக்கும்.